நொய்யலைக் கழுவுகிற கண்ணுக்குத் தெரியாத கூட்டம்

(சுற்றுச்சூழல் அணி சார்பில் நொய்யல் கரையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாகப் பதிவிடுகிறோம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்கு முன்னாடி பேசுனவங்க நொய்யலோட பழைய பெருமையைச் சொன்னாங்க. காஞ்சிமாநதின்னு பேர் இருந்ததைச் சொன்னாங்க. வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்னு நாலு மாவட்டம் ஓடி, காவிரியில் கலக்குற ஆறுன்னு சொன்னாங்க. அதையே நான் திரும்பச் சொல்லப் போறதில்லை. இன்னிக்கு நான் பேச வந்தது ரொம்பச் சின்ன உயிர்களைப் பத்தி. ஓட்டு இல்லாத உயிர்கள். மனு கொடுக்கத் தெரியாத உயிர்கள். ஆனா இந்த ஆத்துல தினமும் வேலை பார்க்குற ஒரே துப்புரவுப் பணியாளர்கள் அவங்கதான்.

நம்ம பெரியவங்க ஒண்ணு சொல்வாங்க, நீங்க எல்லாரும் கேட்டிருப்பீங்க. "ஓடுற தண்ணியில தோஷம் இல்ல. நாலு கல்லு தாண்டுனா தண்ணி சுத்தமாயிடும்." இதை மூடநம்பிக்கைன்னு நான் தள்ள மாட்டேன். அது பாதி அறிவியல். அந்தக் காலத்துல ஆத்துல கலந்தது சாணி, இலைதழை, குளிச்ச அழுக்கு, மாடு கழுவுன தண்ணி. அது கொஞ்ச தூரம் போனதும் நிஜமாவே சுத்தமாச்சு. சுத்தம் பண்ணுனது யாரு? தண்ணியா? கல்லா?

ஆத்துக் கல்லு மேல கை வச்சா வழுவழுன்னு இருக்கும் பாருங்க, அதுல வழுக்கி விழாத ஆளு இந்தக் கூட்டத்துல யாரும் இருக்க மாட்டீங்க. அந்த வழுவழுப்புதான் ஆத்தோட தொழிற்சாலை. அதுக்குள்ள பாக்டீரியா இருக்கு, பூஞ்சை இருக்கு, டயாட்டம்னு சொல்ற கண்ணாடி ஓடு போட்ட நுண்பாசி இருக்கு. எல்லாம் சேர்ந்து ஒரு பசையை உண்டாக்கிக் கல்லைப் பிடிச்சுக்கிட்டு வாழுது. பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜன் விடுது. பாக்டீரியா அந்த ஆக்சிஜனை வாங்கி, மேல ஓடுற தண்ணியில வர்ற கழிவைச் சாப்பிடுது. அது சாப்பிட்டு விடுறதை மறுபடி பாசி எடுத்துக்குது. ஒரு கூட்டுறவுச் சங்கம் மாதிரி. நம்ம ஊரு கூட்டுறவுச் சங்கத்தை விடவே ஒழுங்கா நடக்குற சங்கம்.

அதுலயும் பிரிவு பிரிவா வேலை. சாக்கடையில இருந்து அம்மோனியா வருதுன்னு வைங்க. மீனுக்கு அது விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும். அதை இன்னொரு வகை நைட்ரேட்டா மாத்தும். முதல் ஆளு பேரு நைட்ரோசோமோனாஸ், ரெண்டாவது ஆளு நைட்ரோபாக்டர். பள்ளிப் பாடத்துல படிச்சிருப்பீங்க, மறந்திருப்பீங்க. இவங்க ரொம்ப நிதானமா வளர்ற கூட்டம். நம்ம குடல்ல இருக்குற ஈ.கோலை பாக்டீரியா, தோதான இடம் கிடைச்சா இருபது நிமிஷத்துல ரெண்டாகும். இவங்களுக்கு அதுக்கு அரை நாள், ஒரு நாள், சில நேரம் அதுக்கு மேலயும் ஆகும். கொஞ்சம் நச்சு உலோகம் பட்டா முதல்ல படுக்குறதும் இவங்கதான். படுத்தா எந்திரிக்க நாளாகும்.

இப்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன்.

தாய்மார்களே, ஊறுகாய் ஏன் மாசக்கணக்கில கெடாம இருக்கு? உப்பு. உப்பு அதிகமானா நுண்ணுயிரோட உடம்புல இருக்குற தண்ணி வெளியே இழுக்கப்பட்டு, அது சுருங்கிப்போகும். வேலை செய்யாது. இது நம்ம பாட்டிமாருக்குத் தெரிஞ்ச வேதியியல்.

சாயப்பட்டறையில என்ன நடக்குது? பருத்தித் துணியில சாயம் ஏறணும்னா உப்பு போடணும். சாதா உப்பு, இல்லைன்னா கிளாபர் உப்புன்னு சொல்ற சோடியம் சல்பேட். சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளிவிடுறதுதான் உப்போட வேலை. வேலை முடிஞ்சதும் உப்பு துணியில தங்காது, ஏறக்குறைய முழுசும் கழிவுத் தண்ணியோடவே வெளியே வரும். சாயத்துலயும் ஒரு பங்கு துணியில ஒட்டாம வந்துடும். சுத்திகரிக்காம விட்ட வருஷங்கள்ல அத்தனையும் ஆத்துக்குத்தான் வந்துச்சு.

வடக்கே பாலாத்துப் பக்கம் போங்க. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. அங்க தோல் பதனிடுற தொழில். பச்சைத் தோல் அழுகாம இருக்க உப்புல புரட்டித்தான் தோல் ஷாப்புக்கு வரும். அழுகக் கூடாதுன்னா என்ன அர்த்தம்? நுண்ணுயிர் வேலை செய்யக் கூடாதுன்னு அர்த்தம். அந்த உப்பைக் கழுவி விட்ட தண்ணி எங்க போச்சு? ஆத்துக்கு. தோல் அழுகாம இருக்கப் போட்ட உப்பு, ஆத்துல போய் ஆத்தோட செரிமானத்தை நிறுத்துது. நாம ரெண்டு ஆத்தை ஊறுகாய் போட்டிருக்கோம் தோழர்களே.

உப்பு ஒண்ணுதான்னா கூடப் பரவால்லன்னு சொல்லலாம். அடுத்து நிறம். தண்ணி கருநீலமா ஓடுனா அடியில இருக்குற கல்லுக்கு வெயில் போகாது. வெயில் இல்லைன்னா பாசி ஆக்சிஜன் விடாது. கூட்டுறவுச் சங்கத்துல ஒரு பங்குதாரர் அவுட். அதே நேரத்துல மேல கோயம்புத்தூர்ல இருந்தும், நம்ம திருப்பூர்ல இருந்தும் வீட்டுச் சாக்கடை வந்து விழுது. சாப்பாடு நிறைய, ஆக்சிஜன் இல்லை. அப்ப யாரு வருவா? ஆக்சிஜனே வேண்டாம்னு வாழ்ற ஒரு கூட்டம் வரும். அவங்க சல்பேட்டை வச்சே மூச்சு விடுவாங்க. சல்பேட்தான் சாயப்பட்டறை உப்புல வந்துடுச்சே! அவங்க விடுற வாயுதான் அழுகுன முட்டை நாத்தம், ஹைட்ரஜன் சல்பைடு. ஆத்து மண்ணைத் தோண்டினா கரியா இருக்கே, அந்தக் கரி இரும்பும் சல்பைடும் சேர்ந்தது. பாலத்துல வண்டி ஓட்டும்போது மூக்கைப் பொத்துறோம்ல, அது சும்மா நாத்தம் இல்லை. கீழே ஒரு ஆட்சி மாற்றம் நடந்து முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்.

இன்னொரு ஏமாத்து வேலை இருக்கு, அதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்றேன். "முன்ன மாதிரி இல்லைங்க, இப்ப தண்ணியில கலரே இல்லை" அப்படின்னு சொல்றவங்க இருக்காங்க. நிறம் போனா விஷம் போச்சுன்னு நினைக்காதீங்க. நாம போடுற சாயத்துல பெரும்பகுதி ஏசோ வகை. ரெண்டு நைட்ரஜன் கைகோத்து நிக்கிற ஒரு பிணைப்புதான் அதுக்கு நிறத்தைக் கொடுக்குது. காற்று இல்லாத சேத்துல இருக்குற பாக்டீரியா அந்தக் கையைப் பிரிச்சு விட்டுடும். நிறம் போயிடும். ஆனா பிரிஞ்ச துண்டுகள் அரோமேட்டிக் அமீன்கள். அதுல எல்லாம் ஒரே அளவு நச்சு இல்லை, உண்மையைச் சொல்லணும். ஆனா அதுல சிலது புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. அந்த மாதிரி அமீனை விடுற சாயங்களைத்தான் ஜெர்மனி 1994-ல் தடை பண்ணுச்சு. அதைத் தொடர்ந்து நம்ம நாட்டுலயும் தடை வந்துச்சு, ஏற்றுமதி ஆர்டர் போயிடும்னு நம்ம ஊர்ல சாயத்தை மாத்துனாங்க. சட்டை போடுறவரோட தோலைப் பத்திக் கவலைப்பட்டு வந்த சட்டம் அது. நல்ல சட்டம். சட்டையைத் துவைச்ச தண்ணி ஓடுற ஆத்தைப் பத்தி அன்னிக்கு எந்த வாங்குறவரும் கேட்கலை.

அந்த அமீனை முழுசா உடைக்கணும்னா ஆக்சிஜன் உள்ள இடத்துல வேலை செய்யுற வேற பாக்டீரியா வேணும். முதல்ல காற்றில்லாத இடம், அப்புறம் காற்றுள்ள இடம், ரெண்டும் வரிசையா வேணும். நல்லா இருக்குற ஆத்துல ரெண்டும் உண்டு, சேறும் உண்டு, சலசலன்னு ஓடுற கல்லுப் பரப்பும் உண்டு. நம்ம ஆத்துல ரெண்டாவது ஆளைத்தான் ஊறுகாய் போட்டுட்டோமே.

ஒரத்துப்பாளையம் அணை பத்திப் பேசாம இந்தக் கரையில எப்படிப் பேசுறது? சென்னிமலைப் பக்கம், விவசாயத்துக்குன்னு கட்டி 1992-ல் திறந்த அணை. கொஞ்ச வருஷத்துலயே அது சாயக் கழிவு தேங்குற குட்டையாப் போச்சு. தண்ணியைத் தேக்காதீங்க, தேக்குனா எங்க கிணறு கெடுதுன்னு விவசாயிங்களே மனு கொடுத்தாங்க. உலகத்துல எந்த ஊர்லயாவது அணையில தண்ணி தேக்காதேன்னு விவசாயி கோர்ட்டுக்குப் போவானா? நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் போனாங்க. 2006 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணுச்சு. அப்பவும் நடக்கலை. 2011 ஜனவரியில எழுநூறுக்கும் மேல சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு.

அந்த மாசங்கள்ல திருப்பூர்ல இருந்தவங்களுக்குத் தெரியும். பட்டறை மூடுனப்ப முதலாளி ஈரோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் துணியை அனுப்பினார். தொழிலாளி பஸ் ஏறி ஊருக்குப் போனார். இதை நான் ஏன் சொல்றேன்னா, ஆத்தைப் பத்திப் பேசுறவன் வேலையைப் பத்திக் கவலைப்படாதவன்னு நம்மளைப் பார்த்துச் சொல்றாங்க. நம்ம கட்சியிலயே சாயப்பட்டறை வச்சிருக்குற தோழர்கள் இருக்காங்க. இந்தக் கூட்டத்துலயும் உட்கார்ந்திருக்காங்க, எனக்குத் தெரியும். அவங்களை எதிரின்னு நான் சொல்ல மாட்டேன். சவ்வூடு பரவல், ஆவியாக்கி எல்லாம் போட்டு, தண்ணியையும் உப்பையும் திரும்ப எடுத்துப் பயன்படுத்துற முறை இன்னிக்கு இந்த ஊர்ல ஓடுது. கரண்ட் பில்லுல முழி பிதுங்குதுன்னு அவங்க சொல்றதும் பொய் இல்லை. ஆனா ஒழுங்கா செலவு பண்ணுறவர் பக்கத்துலயே, மழை வந்த ராத்திரி பார்த்து வாய்க்கால்ல திறந்து விடுறவரும் இருக்கார். அவரைக் காட்டிக் கொடுக்குறதுல நம்ம தோழர்களுக்கு ஏன் தயக்கம்? சொந்தக்காரர்னா? நன்கொடை கொடுக்குறார்னா? கட்சிப் பக்கத்துல வரப்போகுதுன்னு தெரிஞ்சேதான் இதைச் சொல்றேன்.

சுத்திகரிப்பு நிலையத்துல வேலை பார்க்குற தம்பிகள் யாராவது இருந்தா நான் சொல்றதை ஒத்துக்குவாங்க. காற்றூட்டுத் தொட்டியைப் புதுசா ஓட்டணும்னா முதல்ல என்ன பண்ணுவாங்க? சாணி கரைச்சு ஊத்துவாங்க. கோடிக்கணக்குல செலவு பண்ணிக் கட்டுன நிலையத்துக்கு மாட்டுச் சாணியிலதான் பிள்ளையார் சுழி. ஏன்னா அதுல இருக்குற பாக்டீரியாதான் தொழிலாளி. நாலு வாரம் அஞ்சு வாரம் பார்த்துப் பார்த்து வளர்த்து, பழுப்பு நிறத்துல நல்ல சேறு வந்துடும். ஒரு நாள் எவனாவது ஒருத்தன் அளவுக்கு மீறி ரசாயனத்தை அனுப்பினா, மறுநாள் காலையில தொட்டி முழுக்க வெள்ளை நுரை. சேறு செத்துப் போச்சு. மறுபடி சாணியில இருந்து ஆரம்பிக்கணும். தொட்டிக்குள்ள அது நடந்தா "பிளான்ட் ஃபெயில்" அப்படின்னு ரிப்போர்ட் எழுதுறோம். அதே விஷயம் ஆத்துக்குள்ள நடந்தா எந்தக் கணக்குலயும் வர்றதில்லை.

வீட்டுலயும் பார்க்கலாம். கக்கூஸ்ல தினமும் ஆசிட்டும் பினாயிலும் கொட்டுற வீட்டுல செப்டிக் டேங்க் சீக்கிரம் ரொம்பும். உள்ளே இருக்குற பாக்டீரியா சாகுறதால மலம் செரிக்காது. லாரிக்குச் சொல்லி அனுப்பணும். ஆத்துக்கு எந்த லாரியைக் கூப்பிடுறது?

இனி இதுல இருக்குற பெரிய அபாயம். ஆத்துல ரசாயனம் கலந்தா எல்லா நுண்ணுயிரும் செத்துடும்னு நினைக்கக் கூடாது. சாகுறது சாதுவான கூட்டம். மிஞ்சுறது தாக்குப் பிடிக்கிற கூட்டம். ஊர்ல நல்ல மனுஷங்க எல்லாம் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனா மிச்சம் யாரு இருப்பாங்களோ, அதே கதை.

குரோமியம் மாதிரி உலோகம் இருக்குற இடத்துல தாக்குப் பிடிக்கிற பாக்டீரியா எப்படித் தாக்குப் பிடிக்குது? உள்ளே வர்ற நச்சை வெளியே தள்ளுற ஒரு பம்ப் அதோட உடம்புல இருக்கு. சில பம்ப்புங்க உலோகத்தையும் தள்ளும், ஆன்டிபயாடிக் மருந்தையும் தள்ளும். இன்னும் சில பாக்டீரியாவுல, உலோகத்தைத் தாங்குற மரபணுவும் மருந்தைத் தாங்குற மரபணுவும் ஒரே வளையத்துல பக்கம் பக்கமா உட்கார்ந்திருக்கும். பிளாஸ்மிடுன்னு பேரு. அந்த வளையத்தைப் பக்கத்துல இருக்குற வேற பாக்டீரியாவுக்கும் அது கடத்திக் கொடுக்கும். இப்ப யோசிங்க. ஆலைக் கழிவு ஒரு பக்கம் வருது. நம்ம வயித்துல இருந்து போன பாக்டீரியா சாக்கடை வழியா இன்னொரு பக்கம் வருது. ரெண்டும் ஒரே குட்டையில சந்திக்குது. ஆன்டிபயாடிக் கலக்காமலே மருந்துக்கு அடங்காத கிருமி உருவாக அந்தச் சந்திப்பு போதும்.

மருந்தே கலந்தா? ஐதராபாத் பக்கத்துல பட்டான்செரு. அங்க கிட்டத்தட்ட 90 மருந்து ஆலைகளோட கழிவை வாங்கிச் சுத்திகரிச்சு விடுற ஒரு நிலையம். அந்த நிலையத்துல இருந்து வெளியே வந்த தண்ணியை ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் சோதிச்சு 2007-ல் முடிவை வெளியிட்டாங்க. சிப்ரோஃப்ளாக்சசின், நம்ம வீட்டுல வயித்துப்போக்குக்கு வாங்குற அதே மாத்திரை, ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரைக்கும் இருந்துச்சு. மாத்திரை சாப்பிட்ட நோயாளியோட ரத்தத்துல இருக்குறதை விட அதிகம். சுத்திகரிச்ச பிறகு! அந்த ஓடை மஞ்சீராவுக்குப் போகுது, மஞ்சீரா கோதாவரிக்குப் போகுது. அந்தப் பக்கத்து ஆத்துச் சேத்துல மருந்துக்கு அடங்காத மரபணுக்கள் நிறைய இருக்குறதைப் பின்னாடி வந்த ஆய்வுகளும் காட்டுச்சு.

இவ்வளவு தெரிஞ்ச பிறகு டெல்லி என்ன பண்ணுச்சு? மருந்து ஆலைக் கழிவுல எந்த ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம்னு 2020 ஜனவரியில ஒரு வரைவு விதி போட்டாங்க. உலகத்துக்கே முன்மாதிரின்னு பாராட்டு வந்துச்சு. 2021-ல் இறுதி விதி வந்தப்ப அந்த வரம்புகளைக் காணோம். வரைவுல இருந்தது, இறுதியில இல்லை. நடுவுல யாரு யாரைப் பார்த்தாங்கன்னு நான் சொல்லத் தேவையில்லை, நீங்களே அரசியல் தெரிஞ்சவங்க.

பாலாத்துக் கதையும் இப்படித்தான். 1996-ல் வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் வரலாற்றுத் தீர்ப்பு கொடுத்துச்சு. மாசு பண்ணுனவனே செலவை ஏத்துக்கணும்ங்கிற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்துல வேரூன்றுனது அந்த வழக்குலதான். சட்டக் கல்லூரியில படிக்கிற நம்ம பிள்ளைங்க எல்லாம் அதை மனப்பாடம் பண்ணித்தான் பரீட்சை எழுதுது. 29 வருஷம் கழிச்சு, 2025 ஜனவரி 30-ல் அதே பாலாத்துக்காக அதே உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு எழுத வேண்டி வந்துச்சு, இழப்பீடு கொடுங்க, மாசு பண்ணுனவங்ககிட்ட வசூல் பண்ணுங்கன்னு. ராணிப்பேட்டையில மூடிப் போட்ட குரோமேட் ஆலையோட கழிவு லட்சம் டன்னுக்கு மேல மலையா கிடக்குது. குரோமியத்துல ஆறு இணைதிறன் வகைதான் கொடுமையான விஷம். அதை மூணு இணைதிறன் வகையா மாத்தி விஷத்தைக் குறைக்கிற பாக்டீரியா மண்ணுல இயற்கையாவே இருக்கு. ஆனா அதுக்கும் ஒரு அளவு உண்டு. ஒரு மூட்டை தூக்குறவன் தலையில லாரியை ஏத்தக் கூடாது.

இதைச் சொல்லும்போதே இன்னொண்ணும் சொல்லிடுறேன். இப்ப ஒரு புது வியாபாரம் கிளம்பியிருக்கு. நுண்ணுயிர்க் கரைசலைக் கேன்ல கொண்டு வந்து ஆத்துலயும் குளத்துலயும் ஊத்துறது, போட்டோ எடுக்குறது, சுத்தமாயிடுச்சுன்னு பில் போடுறது. விஷம் வர்ற குழாயை அடைக்காம மேல பாக்டீரியா ஊத்துனா, அது கொதிக்கிற எண்ணெயில விதை போட்ட மாதிரி. நம்ம தோழர்கள் யாரும் அந்த மாதிரி நிகழ்ச்சிக்கு மாலை வாங்கப் போயிடாதீங்க.

சரி, நாம என்ன பண்ணணும்? கோஷம் போட்டது போதும்னு நினைக்கிறேன். ஒரு உருப்படியான வேலை சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க.

மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ரிப்போர்ட்ல பி.ஓ.டி.ன்னு ஒரு எண் இருக்கும். ஒரு புட்டியில தண்ணியை அடைச்சு, 27 டிகிரி வெப்பத்துல மூணு நாள் இருட்டுல வச்சு, உள்ளே இருக்குற நுண்ணுயிர் எவ்வளவு ஆக்சிஜனைக் குடிச்சுதுன்னு பார்ப்பாங்க. நிறையக் குடிச்சா தண்ணி அழுக்கு, கம்மியாக் குடிச்சா சுத்தம். ஆத்துல விடுற கழிவுக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம்தான் வரம்பு. கேட்க நல்லாத்தான் இருக்கு. இப்ப நான் ஒரு கேள்வி கேட்கிறேன். புட்டிக்குள்ள விஷம் இருந்து நுண்ணுயிர் எல்லாம் படுத்துடுச்சுன்னா? ஆக்சிஜனைக் குடிக்க ஆளே இல்லை. எண் கம்மியா வரும். ரிப்போர்ட்ல "சுத்தம்" அப்படின்னு வரும்! செத்தவன் சாப்பிடலைங்கிறதை வச்சு, அவனுக்குப் பசியே இல்லைன்னு சர்டிபிகேட் கொடுத்த மாதிரி. ஆய்வகத்துல தண்ணியை நீர்த்து, நல்ல பாக்டீரியாவைச் சேர்த்துத்தான் பண்ணணும்னு முறை இருக்கு. பண்ணுனாங்களான்னு ரிப்போர்ட்ல ஒரு எண்ணை மட்டும் பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாது.

அதனால பக்கத்துலயே இன்னொரு எண் இருக்கும், சி.ஓ.டி. அது பாக்டீரியாவை நம்பாம, ரசாயனத்தை ஊத்தி அளக்குறது. அதுக்கு வரம்பு 250. ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. சாதாரண வீட்டுச் சாக்கடையில சி.ஓ.டி. கிட்டத்தட்ட பி.ஓ.டி. மாதிரி ரெண்டு மடங்கு இருக்கும். அஞ்சு மடங்கு, பத்து மடங்குன்னு இருந்தா, அந்தத் தண்ணியில நுண்ணுயிர் சாப்பிட முடியாத சரக்கு இருக்கு, இல்லைன்னா நுண்ணுயிரையே கொல்ற சரக்கு இருக்கு. ரெண்டும் நமக்கு ஆகாது. கூடவே டி.டி.எஸ்.னு சொல்ற கரைஞ்ச உப்பு, வரம்பு 2,100. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடும்போது, "ஆற்றுநீர் தரம் என்ன" அப்படின்னு பொதுவாக் கேட்காதீங்க. எந்தத் தேதி, எந்த இடம், பி.ஓ.டி., சி.ஓ.டி., உப்பு மூணும் வேணும்னு கேளுங்க. கழிவு நீர்ல மீனை விட்டு 96 மணி நேரத்துல 90 சதவீதம் உயிரோட இருக்கணும்னு ஒரு சோதனை நம்ம நாட்டு விதியிலயே இருக்கு. உங்க பகுதியில அது கடைசியா எப்ப நடந்துச்சுன்னு ஒரு வரி சேர்த்துக் கேளுங்க. பதில் வர்ற விதத்தைப் பாருங்க.

அணியோட கோரிக்கையும் இதுதான். ஒளி விடுற பாக்டீரியாவைத் தண்ணியில விட்டு, வெளிச்சம் மங்குதான்னு பார்க்குற சோதனை உலகம் முழுக்க நடக்குது, அரை மணி நேரத்துல முடிவு வரும். அதை நொய்யல், பாலாறு, பவானி, காவிரிக் கரையில மாசாமாசம் நடத்தணும். முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில தமிழ்ல எழுதி ஒட்டணும். வரம்பு மீறுன ஆலையோட பேரையும் சேர்த்து. அந்தப் பேரு நம்ம கட்சிக்காரரோட ஆலையா இருந்தாலும் சேர்த்துத்தான்.

சோதனைக் கருவி இல்லாதவங்களுக்கு ஒரு வழி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்க ஊர் ஓடைக்குப் போங்க, ரப்பர் கையுறை போட்டுக்கிட்டு ஒரு கல்லைத் திருப்புங்க. பழுப்பும் பச்சையுமா வழுவழுன்னு இருந்தா அந்த இடத்துல இன்னும் உயிர் இருக்கு. சாம்பல் நிறத்துல பஞ்சு பஞ்சா தொங்கினா சாக்கடை அதிகம்னு அர்த்தம். கல்லு வழுக்கவே இல்லை, மொட்டையா, சுத்தமாத் துடைச்ச மாதிரி இருக்குன்னா அங்கதான் முதல்ல நில்லுங்க. நாலஞ்சு கல்லு பாருங்க, வேகமா அடிச்சு ஓடுற இடத்துல கல்லு தானாவே மொட்டையா இருக்கும், அதை வச்சு முடிவுக்கு வராதீங்க. படம் எடுத்து, இடம், தேதி, நேரம் எழுதி, மேல எந்தக் குழாய் வந்து விழுதுன்னும் எழுதி இந்தப் பதிவுக்குக் கீழேயே போடுங்க. அணித் தோழர்கள் ஒண்ணு விடாம வரைபடத்துல குறிச்சு, வாரியத்துக்கு மனுவோட சேர்த்துக் கொடுப்பாங்க. முதல் படம் ஒரத்துப்பாளையத்துக்கு மேல இருந்து வரட்டும்.